கோயிற் பணமும் லொத்தர்ப் பணமும்



கடந்த பொதுக்கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சமையற்கூடத்தைத் திருத்துவதற்கும் வெள்ளிக்கிழமை முதியோர் மதிய உணவை நடத்துவதற்கும் பணம் எங்கே தேடுவது என்ற பேச்சு வந்தபோது இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, 5 பவுண்ஸ் வீதம் 2,000 சீட்டு அடித்து வீடு வீடாக விற்று, தேர்த் திருவிழா அன்று குலுக்கி, முதற் பரிசாகத் தங்கச் சங்கிலி கொடுப்பது. மற்றது, முதியோர் உணவுக்காக இந்நாட்டின் தேசிய லொத்தர் நிதியத்துக்கு விண்ணப்பிப்பது. முதலாவதைக் கேட்டதும் மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. இரண்டாவதைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்த ஓர் ஐயா எழும்பி, "சூதாடின காசில சோறு போட்டா அது அன்னதானமோ?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கணக்கு எழுதுபவர்கள் என்ற முறையில், சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி எம்மிடம் விடப்பட்டது. சட்டத்தைப் பார்ப்பது சுலபமான வேலை. ஐயாவின் கேள்விதான் சில வாரங்களாக எம்மை விடவில்லை. அதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். கைதட்டு வாங்கிய யோசனையும் கைதட்டு வாங்காத யோசனையும் சட்டத்தின் கண்ணில் ஒரே சாதி. 2005 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் லொத்தருக்குச் சொல்லும் இலக்கணம் மிகச் சிறியது. பங்குபற்றக் காசு கொடுக்கவேண்டும், பரிசு இருக்கவேண்டும், பரிசு யாருக்கு என்பதை அதிர்ஷ்டம் மட்டுமே தீர்மானிக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது லொத்தர். அம்பாள் சந்நிதியில் குலுக்கினாலும் அதுதான், தொலைக்காட்சியில் பந்து உருண்டாலும் அதுதான்.

எம்மவர் மத்தியில் இன்னொரு சீட்டும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. இருபது பேர் சேர்ந்து மாதம் மாதம் கட்டுகிற சீட்டில், தாய்ச்சீட்டுக்காரர் ஓடாத வரையில், எல்லோருக்கும் ஒரு நாள் காசு வரும். கழிவு போனாலும் முதல் போகாது. லொத்தரில் பெரும்பாலானவர்களின் முதல் போனால்தான் ஒருவருக்குப் பரிசு வரும்.

இந்நாட்டு அரசுக்கு லொத்தர் புதிதல்ல. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1569 இல், துறைமுகங்களைத் திருத்தவென்று லொத்தர் குலுக்கினார்கள். நாம் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்டுகிற பிரித்தானிய நூதனசாலைக்கும் 1753 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லொத்தர் மூலமே பணம் திரட்டப்பட்டது. 1826 இல் அரசாங்க லொத்தர் நிறுத்தப்பட்டது. பின்னர் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய லொத்தர் வந்தது. முதற் குலுக்கல் 1994 நவம்பர் 19 ஆம் திகதி.

அரசு தானே இதை நடத்துவதில்லை. ஒரு நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்து நடத்தவிடுகிறது. முதல் மூன்று தடவையும் அது கமலொட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2024 பெப்ரவரி 1 ஆம் திகதியிலிருந்து ஒல்வின் நிறுவனம் நடத்துகிறது. மேற்பார்வை 2013 இலிருந்து சூதாட்ட ஆணைக்குழுவின் கையில். 2010 இலிருந்து 2023 வரை கமலொட் நிறுவனத்தின் சொந்தக்காரர் கனடா ஒன்ராறியோ மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியம். லண்டனில் எம்மவர் கடையில் வாங்கிய சீட்டின் இலாபத்தில் ஒரு சிறு துளி ரொறன்ரோவில் எமது பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியரின் ஓய்வூதியத்துக்குப் போயிருக்கும். காசு போகிற வழியைப் பின்தொடர்வது எமது தொழில். அதில் இப்படியான வேடிக்கைகளும் உண்டு.

வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? ஆரம்பத்தில் 49 இலக்கங்களில் 6 தெரிவு செய்யவேண்டும். முழுப்பரிசுக்கு வாய்ப்பு 13,983,816 இல் ஒன்று. 2015 ஒக்ரோபரில் இலக்கங்கள் 59 ஆக்கப்பட்டன. வாய்ப்பு 45,057,474 இல் ஒன்று ஆகியது. இவ்வளவு பெரிய எண் ஒருவர் மனதிலும் நிற்காது. ஆகவே எமக்குத் தெரிந்த அளவுகோலால் அளந்து பார்த்தோம். புதனும் சனியும் ஒவ்வொரு சீட்டு வீதம் வருடத்துக்கு 104 சீட்டு. அப்படி வாங்கினால் சராசரியாக ஒரு முறை முழுப்பரிசு விழ ஏறக்குறைய 433,000 வருடம் செல்லும். கலியுகத்தின் நீளம் 432,000 வருடம் என்று எமது சாத்திரங்கள் சொல்கின்றன. கலி பிறந்த அன்று வாங்கத் தொடங்கியவர், கலி முடிகிற தறுவாயில் ஒரு முறை எதிர்பார்க்கலாம். அதுவும் சராசரிக் கணக்குத்தான், உத்தரவாதம் இல்லை.

கொடுத்த ஒரு பவுண் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. ஆரம்ப காலத்துக் கணக்கு இது: 50 பென்ஸ் பரிசுக்கு, 28 பென்ஸ் நற்பணிக்கு, 12 பென்ஸ் அரசுக்கு வரியாக, 5 பென்ஸ் கடைக்காரருக்கு, மிகுதி 5 பென்ஸ் நடத்தும் நிறுவனத்தின் செலவுக்கும் இலாபத்துக்கும். பின்னர் சுரண்டும் சீட்டுகளும் கைத்தொலைபேசியில் உடனே முடிவு தெரிகிற விளையாட்டுகளும் பெருகின. அவற்றில் பரிசுக்குப் போகும் பங்கு கூட, நற்பணிக்குப் போகும் பங்கு குறைவு. 2017 இல் இந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் இதைச் சுட்டிக்காட்டியது. 2009-10 இலிருந்து 2016-17 வரை நிறுவனத்தின் இலாபம் 122 சதவீதம் கூடியது. சீட்டு விற்பனையிலிருந்து நற்பணிக்குப் போனது 2 சதவீதம் மட்டுமே கூடியது. 2024 இல் தொடங்கிய புதிய அனுமதிப்பத்திரத்தில், நற்பணிக்குக் கூடப் போனால்தான் நிறுவனத்துக்கும் கூட வரும் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள்.

நற்பணிப் பணத்தை நிறுவனமோ மந்திரியோ நேரடியாகப் பங்கிடுவதில்லை. அது தனியான ஒரு நிதியில் சேர்ந்து, கலை, விளையாட்டு, மரபுரிமை ஆகியவற்றுக்கு 20 சதவீதம் வீதமும், சமூகப் பணிகளுக்கு 40 சதவீதமும் பிரிந்து, தனித்தனிச் சபைகளின் கைக்குப் போகிறது. 180 நாட்களுக்குள் கேட்டு வராத பரிசும் நற்பணிக்கே சேரும். வாங்குவதற்கான வயது 16 ஆக இருந்தது 2021 இல் 18 ஆக்கப்பட்டது. கடனட்டையால் இணையவழியில் வாங்குவது 2020 ஏப்ரலில் தடைசெய்யப்பட்டது. ஒழுங்கு விதிகள் இல்லை என்று சொல்லமுடியாது.

இடையில், வீட்டிலுள்ள முதியவர்களுக்காக ஒரு வார்த்தை. "உங்களுக்கு லொத்தர் விழுந்துள்ளது, பரிசை அனுப்ப முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று கடிதமோ மின்னஞ்சலோ வந்தால் அது பொய். இந்நாட்டில் லொத்தர்ப் பரிசுக்கு வரியும் இல்லை, பரிசை எடுக்கக் கட்டணமும் இல்லை. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது.

இனி எம்மவர் பக்கம் வருவோம். எமது சமூகத்தில் கடை வைத்திருப்பவர்கள் பலர். மேசையில் லொத்தர் இயந்திரம் இல்லாவிட்டால் பால் வாங்கவும் ஆள் வராது என்று சொல்வார்கள். சில கடைகளின் கணக்கை நாம் எழுதுகிறோம். முதல் வருடத்தில் அநேகமாக எல்லோரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. லொத்தர்க் காசு கல்லாவில் விழுந்ததும் அது தங்கள் காசு என்று நினைப்பது. கிழமை முடிய வங்கியிலிருந்து நிறுவனம் தன் பணத்தை எடுக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. சீட்டுக்கான தரகு மட்டுமே கடைக்காரருடையது, மிகுதி எல்லாம் பிறர் பணம். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கடைக்காரத் தம்பி, "அண்ணை, ஆர் என்ன எடுக்கினம் எண்டு எனக்குத் தெரியும். சம்பளம் குறைஞ்ச சனம்தான் கூட எடுக்குது. இல்லையெண்டு சொன்னா அடுத்த கடையில எடுப்பினம்" என்றார். அவர் சொன்னதில் பிழை காண எமக்கு உரிமை இல்லை. அவருடைய கணக்கை எழுதிக் கூலி வாங்குபவர்கள் நாம்.

சென்ற வருடம் இன்னொருவர் வீட்டுக்கடன் பத்திரங்களை ஆயத்தம் செய்ய எம்மிடம் வந்தார். அவருடைய அனுமதியுடன் எழுதுகிறோம். இரவு வேலை செய்பவர். மனைவியும் கூட வந்திருந்தார். வங்கிக் கூற்றில் பத்துப் பவுண்ஸ், இருபது பவுண்ஸ் என்று ஒரே மாதிரிச் சிறு தொகைகள் பக்கம் பக்கமாக இருந்தன. பெற்றோல் என்று நினைத்துக் கூட்டத் தொடங்கினோம். சுரண்டும் சீட்டு. வருடத்துக்கு 3,940 பவுண்ஸ் வந்தது. திரும்பி வந்த பரிசு 610. மனைவி ஒன்றும் பேசாமல் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: "அண்ணை, நான் குடிக்கிறேல்லை, சிகரெட் இல்லை. ஊருக்கும் அனுப்பவேணும், இஞ்ச வீடும் வேணும். என்ர சம்பளத்தால ரெண்டும் ஏலாது எண்டு உங்களுக்கே தெரியும். இதில ஒரு நாள் விழுந்தா ரெண்டும் முடியும்."

இதற்கு எம்மிடம் உடனே சொல்ல ஒரு பதில் இருக்கவில்லை. கலியுகக் கணக்கைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரும் நாமும் எப்படி இங்கு வந்தோம்? உள்ளதை எல்லாம் ஈடுவைத்து, முகம் தெரியாத ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து, கடலிலும் கொள்கலனிலும் ஏறினோம். சிலர் வந்து சேர்ந்தார்கள். சிலர் வரவில்லை. வந்தவர் கெட்டித்தனத்தால் வந்தார், வராதவர் மடைத்தனத்தால் வரவில்லை என்று யாராவது சொல்வார்களா? வாழ்க்கையில் ஒரு முறை பெரிய சீட்டு விழுந்த மனிதருக்கு, இன்னொரு முறை விழாது என்று எண்களைக் காட்டி விளங்கப்படுத்துவது கஷ்டம்.

எமது முன்னோர் சூதைக் கடிந்தவர்கள். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் அதற்கென்று ஓர் அதிகாரம் வைத்தார். தருமர் நாட்டை இழந்ததும் நளன் காட்டுக்குப் போனதும் எமக்குப் பாட்டி சொன்ன கதைகள். ஆனால் அந்தக் கதைகளில் எதிரே ஒருவர் இருந்து ஆடுகிறார். சகுனியின் முகத்தைப் பார்க்கலாம், காய் பொய்க் காய் என்று சந்தேகிக்கலாம். இங்கே எதிரே ஒருவரும் இல்லை. குலுக்கல் நேர்மையானது; சுயாதீனமானவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க நடக்கிறது. ஏமாற்று இல்லாமலே, எல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டபடியே, இரவு வேலைக்காரரின் 3,330 பவுண்ஸ் போய்விடுகிறது. இதைச் சூது என்று சொல்லி முடித்துவிடவும் எமக்கு மனம் வரவில்லை, சூது இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

முற்றாகத் தடை செய்தால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 1968 இல் அரசே தொடங்கி, 2003 இல் அரசே எல்லா லொத்தரையும் தடை செய்தது. பக்கத்துக் கேரளத்தில் இன்றும் அரசு நடத்துகிறது. தடை செய்த இடத்தில் கள்ளமாக விற்பவர்களைப் பொலிசார் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இது எமது சபை தீர்மானிக்கிற விடயமும் அல்ல.

ஐயாவின் கேள்விக்குத் திரும்புவோம். அந்தப் பணத்தில் சோறு போடலாமா?

இங்கே எம்மைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாம் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மாதம் மாதம் மகாபொல உதவிப்பணம் வரும். விடுதிச் சாப்பாடும் புத்தகப் பிரதிகளும் அதில்தான். வீட்டிலிருந்து காசு எதிர்பார்க்கக்கூடிய நிலைமை அப்போது இல்லை. மகாபொல நிதியம் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதற்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானம். இது பட்டம் பெற்றுப் பல வருடங்களின் பின்னரே எமக்குத் தெரியவந்தது. அந்நாட்களில் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் சிறு பெட்டிகளில் லொத்தர் விற்பார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் முச்சக்கர வண்டிக்காரரும் நின்று இலக்கம் பார்ப்பார்கள். நாம் அவர்களைக் கடந்து போகும்போது, படித்தவர்கள் என்ற நினைப்பில், மனதுக்குள் சிரித்திருக்கிறோம். அவர்கள் விட்ட காசில்தான் அந்தப் படிப்பும் நடந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்களவர். அந்தக் காலத்து நிலைமைகளை நினைத்தால் இதையும் சொல்லாமல் விடமுடியாது.

ஆகவே அந்தப் பணம் தீட்டு என்று சொல்லும் தகுதி எமக்கு இல்லை. அதே நேரம் அது வானத்திலிருந்து விழுந்த பணமும் அல்ல. இந்நாட்டில் சில கிறிஸ்தவ சபையினர் கொள்கையாக லொத்தர் நிதியை வாங்குவதில்லை, அவர்களை மதிக்கிறோம். ஆனால் எமது கடைகளில் சீட்டு வாங்குகிற முதியவர்களும் இரவு வேலைக்காரரும் கொடுத்த பணம் அது. முதியோர் உணவுக்கென்று கேட்டு வாங்கி முதியோர் உணவுக்கே செலவழித்தால், கொடுத்தவர்களில் சிலருக்காவது ஒரு நேரச் சோறாகத் திரும்பிப் போகிறது. விமானத்துக்குப் பொற்தகடு பதிக்க அந்த நிதியைக் கேட்கக்கூடாது. உபயக்காரர் பெயரோடு சேர்க்காமல், கணக்கில் தனி வரியில், வந்த வழி தெரிய எழுதவேண்டும். இது எமது அபிப்பிராயம். ஐயா ஒத்துக்கொள்ளாவிட்டால் நேரில் பேச ஆயத்தமாக இருக்கிறோம்.

எமக்குக் கூடக் கவலை தருவது கைதட்டு வாங்கிய யோசனைதான்.

சட்டம் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. எம்மைப் போன்ற சபை கவுன்சிலில் 40 பவுண்ஸ் கட்டிப் பதிந்து, பின்னர் வருடம் 20 பவுண்ஸ் கட்டிவந்தால் போதும். ஒரு குலுக்கலில் 20,000 பவுண்ஸ் வரை, வருடம் முழுவதும் 250,000 பவுண்ஸ் வரை விற்கலாம். ஒரு பரிசு 25,000 பவுண்ஸைத் தாண்டக்கூடாது. எல்லாச் சீட்டும் ஒரே விலையாக இருக்கவேண்டும். சபையின் பெயரும் பொறுப்பானவரின் பெயர் விலாசமும் குலுக்கல் திகதியும் சீட்டில் இருக்கவேண்டும். முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்டவேண்டும். நற்பணிக்குக் குறைந்தது 20 சதவீதம் போகவேண்டும். அதாவது, பவுணில் 80 பென்ஸ் பரிசிலும் செலவிலும் போனாலும் சட்டத்துக்குத் திருப்தி. எமது யோசனையில் 10,000 பவுண்ஸ் விற்றால் 6,500 வரை மிஞ்சும். தேசிய லொத்தரைவிட நாம் எவ்வளவோ மேல்.

ஆனால் எந்த ஆணைக்குழுவும் பார்க்காத ஒரு விடயம் இருக்கிறது. கடையில் சீட்டு வாங்காமல் வருவது சுலபம். திருநீறு பூசிய ஒரு பெரியவர், பிள்ளையின் பிறந்தநாளுக்கு அர்ச்சனை செய்து தந்தவர், சீட்டுப் புத்தகத்தோடு வீட்டு வாசலில் நின்றால் யார் வேண்டாம் என்பார்? உபயம் கேட்டால் "இந்த வருடம் வசதியில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். ஐந்து பவுண்ஸ் சீட்டுக்கு அப்படிச் சொல்லவும் வெட்கம். உபயம் கொடுப்பவர் போனது போனதுதான் என்று தெரிந்து கொடுக்கிறார். சீட்டு வாங்குபவரிடம் நாம் கொடுக்கவும் சொல்கிறோம், சங்கிலியைக் காட்டி ஆசைப்படவும் சொல்கிறோம்.

இதற்கு நாம் ஒரு நடுவழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். திருவிழா அன்று மண்டபத்துக்குள் மட்டும் விற்கிற சிறு குலுக்கலுக்குப் பதிவே தேவையில்லை. பரிசுக்கு 500 பவுண்ஸுக்கும் செலவுக்கு 100 பவுண்ஸுக்கும் மேல் வருமானத்திலிருந்து எடுக்கக்கூடாது. அன்பளிப்பாக வந்த பரிசுகளுக்கு எல்லை இல்லை. ஒரு பவுண் சீட்டு, அன்பர்கள் தந்த பரிசுகள், புத்தகம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதில்லை. அறிக்கையில் ஒரு பக்கமாக எழுதியும் விட்டோம்.

போன வெள்ளிக்கிழமை அந்த இரவு வேலைக்காரர் பூசை முடிந்து எம்மைத் தேடி வந்தார். எட்டு மாதமாகச் சுரண்டுவதில்லை. அறிவித்தற் பலகையில் கூட்டக் குறிப்பைப் பார்த்திருக்கிறார். "அண்ணை, கோயில் ரிக்கற் எண்டு கொண்டு வந்தா என்னால இல்லையெண்டு சொல்ல ஏலாது. என்னட்டைக் கொண்டு வராதேங்கோ" என்றார். வீடுகளுக்குக் கொண்டுபோகப் போவதில்லை, திருவிழா அன்று மண்டபத்தில் மட்டும்தான் என்று சந்தோசமாகச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேருக்கு நான் வரவேணும் தானே, அண்ணை."

அறிக்கையின் அந்தப் பக்கத்தை இன்னும் அச்சடிக்கவில்லை. கூட்டம் அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு, மதியப் பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் நடைபெறும்.